ஏழு தடவை கழுவ வேண்டியது

துரை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருந்தால் இந்த வெட்கக்கேடு நடந்திருக்காது. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. மட்டாஞ்சேரியில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் சாம்பிள் குமாஸ்தா நான். ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சின்னச் சின்ன டின்களில் போட்டு, லேபிள் ஒட்டி, வரிசையாக அடுக்குவது என் வேலை. 1958ஆம் வருஷம், வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமாகியும் தற்காலிகம்தான். அப்படிப்பட்டவனைத் துரை கூப்பிட்டு, "முத்து, உனக்கு நாய் பிடிக்குமா?" என்று இங்கிலீஷில் கேட்டால் என்ன சொல்வான்? "யெஸ் சார்" என்றேன். சின்ன வயதில் என்னைத் தெருத்தெருவாக ஓடவிட்ட ஜாதி அது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

துரைசானி வளர்த்த நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. நாலு குட்டி மற்றத் துரைமார் பங்களாக்களுக்குப் போய்விட்டது. காது தரையைத் தொடுகிற மாதிரித் தொங்கும் செம்பட்டைப் பெட்டைக் குட்டி ஒன்று மிச்சம். பெயர்கூட வைத்துத்தான் கொடுத்தார்கள், ரூபி. பக்கத்து மேஜை விஸ்வேஸ்வரன் என் காதில், "பெர்மனென்ட் ஆகப்போறவனுக்குத்தான் துரை குட்டி குடுப்பார், தெரியுமோ?" என்றான். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

நான் குடியிருந்தது பஜார் ரோட்டில். ஒரு காலத்தில் மிளகுக் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தைத் தடுத்து, நாலு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மாடியில் எனக்கு இரண்டு அறை. தளம் பலகைத் தளம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையாவிட்டாலும் வெளிச்சம் நுழையும். கீழ்வீட்டில் விளக்கேற்றினால் என் வீட்டுத் தரையில் கோடுகோடாக வெளிச்சம் தெரியும். கக்கூஸ், கிணறு எல்லாம் கீழே பின்பக்கம்.

கீழ்வீட்டுக்காரர் ஷௌகத் அலி. சாக்கு வியாபாரம். அவருடைய வாப்பா காயல்பட்டினத்திலிருந்து வந்து கொச்சியில் கடை போட்டவர். எனக்குக் கோவில்பட்டி. ஒரே ஜில்லாக்காரன் என்று என்மேல் அவருக்குத் தனிப் பிரியம். நான் அவரை அண்ணாச்சி என்பேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு நான் படியேறிய அன்று அவர் வாசலில் நின்றிருந்தார். முகம் சுளிக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"தம்பி, வளர்க்கிறது உங்க இஷ்டம். நாங்க தொழுவுற இடம் உங்க முன்னறைக்கு நேர் கீழே. ஒரு சொட்டு விழுந்திரக் கூடாது, கேட்டீங்களா?"

"இது துரை வீட்டு நாய் அண்ணாச்சி. பழக்கினதுதான். கீழே போனாத்தான் ஒண்ணுக்கே போகும்" என்றேன். ஏழு வாரக் குட்டி அது. வழியிலேயே என் சட்டையை நனைத்திருந்தது. கையிலிருந்த பையால் அந்த ஈரத்தை மறைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னேன்.

கட்டடத்துக்காரர் இன்னும் சுருக்கமாகச் சொல்லியனுப்பினார். கீழ்வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தால், நாயும் நானும் சேர்ந்து வெளியே போகலாமாம்.

நாயைப் பழக்கும் முறையைத் துரை அரைப் பக்கம் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். தின்றதும் வெளியே கொண்டுபோ, தூங்கி எழுந்ததும் வெளியே கொண்டுபோ, அடிக்காதே. முடியாத நேரத்தில் ஒரே இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து வை, அதில்தான் போக வேண்டும் என்று தானே கற்றுக்கொள்ளும். முதல் மூன்று நாள் அதன்படி நடந்தேன். காலை எட்டு மணிக்குப் பஜார் ரோடு எப்படி இருக்கும் என்று துரைக்குத் தெரியாது. இஞ்சி மூட்டை ஏற்றிய கைவண்டிகள், சுமட்டுக்காரர்கள், கடை திறக்கிற முதலாளிகள் எல்லாருக்கும் நடுவே, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கயிறுமாக, ஒரு குட்டி ஒன்றுக்குப் போவதற்காகக் காத்துக்கொண்டு நான் நிற்பேன். அது ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்து பார்க்கும். போகாது.

மூன்றாம் நாள் ஒரு சுமட்டுக்காரன் தலையில் மூட்டையோடு நின்று, "சாரே, சார் நாயெ கொண்டுபோவாணோ, நாய் சாரெ கொண்டுபோவாணோ?" என்று கேட்டான். தெருவே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. அன்றோடு கீழே கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். ஆபீஸில் குவிந்துகிடந்த பழைய இங்கிலீஷ் பேப்பரைக் கட்டாகக் கொண்டுவந்து சமையலறை மூலையில் தடிமனாக விரித்தேன். ரூபி புத்திசாலி. பத்தே நாளில் பேப்பரைத் தேடிப் போய் உட்காரக் கற்றுக்கொண்டது. துரையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார்.

இதற்குள் என் மனைவி பாக்கியலக்ஷ்மி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தாள். நான் பொங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வேன் என்று அப்பா துணைக்கு வந்தார். பெயர் இசக்கிமுத்து. மில்லில் முப்பத்தைந்து வருஷம் நூல் எடை போட்டவர். அம்மா போனபிறகு தன் வேட்டியைத் தானே துவைத்து, தானே நீலம் போட்டு, மடிப்புக் கலையாமல் கட்டுகிற மனிதர். குட்டியைப் பார்த்ததும், "நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டுல வைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தாம்லே பாக்கேன்" என்று சிரித்தார். ஆனால் இரண்டாம் நாளே தன் தட்டில் மிஞ்சிய சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து அதற்கு வைத்தார்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். தமிழ்ப் பேப்பரைத் தரையில் முழுசாக விரித்து, ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, டெண்டர் நோட்டீஸ்வரை ஒரு வரி விடாமல் படிப்பார். படித்துக்கொண்டே அப்படியே பக்கத்தில் ஜமுக்காளத்தில் சாய்ந்துவிடுவார். பேப்பர் விரித்தபடி கிடக்கும். நாய்க்கு இங்கிலீஷ் பேப்பர், தமிழ்ப் பேப்பர் என்ற பேதமெல்லாம் தெரியாது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஒருநாள் விடியற்காலை அடுப்புப் பற்றவைக்க எழுந்தேன். முன்னறையில் அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் இடுப்போரம் விரித்துக் கிடந்த பேப்பரில் ரூபி கால்களை விரித்து உட்கார்ந்திருந்தது. தன் பாடத்தை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேப்பர் நனைந்து, அப்பாவின் வேட்டி நுனி நனைந்து, மிச்சம் பலகை இடுக்கில் இறங்கியது. துணி எடுத்து ஒற்றினேன். கீழே ஓதிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. ரூபியைச் சமையலறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது.

ஷௌகத் அலி வாசலுக்கு வெளியேயே நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. மேலேருந்து சொட்டி முசல்லாவுல, தொழுவுற பாயில, விழுந்துட்டு. சண்டை பிடிக்க வரல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாயா, மனுசனா?"

அவரே விளக்கினார்.

"மனுசன்னா ஒருக்கா கழுவினாப் போதும். நாய்ன்னா எங்க ஷாஃபி வழக்கப்படி ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு கரைச்சு. அதுக்குத்தான் கேக்குறேன். வேற ஒண்ணுமில்ல."

உண்மையைச் சொல்வதற்கு இதைவிடச் சுலபமான சந்தர்ப்பத்தை எந்த மனிதனும் எனக்குக் கொடுத்ததில்லை. நாய் என்று இரண்டெழுத்து சொன்னால் போதும். ஆனால் எனக்கு நான் அடித்த பீற்றல் ஞாபகம் வந்தது. கட்டடத்துக்காரர் ஞாபகம் வந்தார். திங்கட்கிழமைதோறும் ரூபியை விசாரிக்கிற துரை ஞாபகம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பாதான் அண்ணாச்சி. வயசாயிட்டுல்ல. தூக்கத்துல..." என்றேன்.

அவர் முகமே மாறிவிட்டது. "அடடா" என்றார். "எங்க வாப்பாவும் கடைசியில அப்படித்தான். நீங்க பெரியவர்ட்ட ஒண்ணும் கேட்ராதீங்க, மனசு நொந்துபோவும்" என்று சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

நான் திரும்பினேன். அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். நனைந்த வேட்டி நுனியை விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானாலே?" என்றார்.

முதல் பொய் பயத்தில் வந்தது. அதற்காவது ஒரு சாக்கு உண்டு. இரண்டாவதுக்கு எந்தச் சாக்கும் கிடையாது. "வயசானா சகஜம்தான்பா" என்றேன். அவர் எழுந்துபோய் வேட்டியை மாற்றினார். பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, நனைந்த வேட்டியோடு கிணற்றடிக்கு இறங்கிப் போனார். யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால் துவைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவர் நடையில் தெரிந்தது.

சாயங்காலம் ஷௌகத் அலி வந்தார். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பழைய வேட்டியில் சுற்றி ஒரு மெழுகுத்துணி கொண்டுவந்திருந்தார். படுக்கைக்கு அடியில் விரிக்க. கூடவே ஒரு தூக்கில் பார்லித் தண்ணீர். "சூடுதான் பெரியவரே, வேற ஒண்ணுமில்ல" என்றார். அப்பா அவரை நிமிர்ந்து பார்க்காமல் இரண்டு கையையும் கூப்பினார். முப்பத்தைந்து வருஷம் மில் மேனேஜருக்குக்கூடக் கை கூப்பாதவர் என் அப்பா. நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ரூபியைக் கட்டிப் போட்டால் ஊளையிட்டது, ஊளை கட்டடத்துக்காரர் காதுக்குப் போகுமே என்று அவிழ்த்துவிட்டேன். ராத்திரி அப்பாவின் பேப்பரை மடித்துச் சுவர் அலமாரியில் வைத்தேன். அவருக்கு இப்போது தூக்கம் வருவதில்லை, விடிவதற்கு முன்பே எடுத்து விரித்துக்கொள்வார், கண்ணயர்ந்துவிடுவார். பேப்பரைக் கீழே போடாதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாரே. மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு தடவை நடந்தது. இரண்டு தடவையும் நான் பார்த்தேன். இரண்டு தடவையும் கீழே சொட்டியது. ஷௌகத் அலி கேட்கக்கூட வரவில்லை. என் வார்த்தையை நம்பி, மனுசன் என்றே எடுத்துக்கொண்டார்.

அப்பா மதியத்துக்குமேல் சாயா குடிப்பதை நிறுத்தினார். பிறகு காலைச் சாயாவையும் நிறுத்தினார். சோற்றுக்கு ரசம் வேண்டாம், மோர் வேண்டாம் என்றார். நான் தண்ணீர் வைத்தால் உதட்டை நனைத்துவிட்டுத் தள்ளிவைப்பார். உதடு வெடித்திருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. தின்ற சோறு எனக்குச் செரிக்கத்தான் செய்தது, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஊரிலிருந்து கார்டு வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அப்பா கார்டை நாலு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்:

"நான் வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் போயிருதேன்லே. சங்கரன்கோவில்ல உங்க அக்கா வீட்டுல இருந்துக்கிடுதேன். மாட்டுத்தொழுவத்துப் பக்கம் ஒரு சாய்ப்பு உண்டு."

"ஏம்ப்பா? பிள்ளை வரப்போற நேரத்துல?"

"பச்சப்பிள்ளை கிடக்கிற வீட்டுல நான் எப்படிலே இருக்க? மருமக எனக்குத் துணி அலசணுமா? பிள்ளைய மடியில வாங்கி அதும்மேல..." என்று சொல்லவந்தவர், வார்த்தையை முடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அப்பாடா என்றிருந்தது. போய்விட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே என்று தோன்றியது. என் வாழ்நாளில் என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டிய கணம் அதுதான். துப்பவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை அப்பா கிணற்றடியில் மயங்கி விழுந்தார். வாளிச் சத்தம் கேட்டு ஓடிவந்த ஷௌகத் அலி அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு மாடியேறினார். டாக்டர் வந்தார். உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நீர்க்கடுப்பு வேறு, எத்தனை நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டார். "தேவைப்படல சார்" என்றார் அப்பா. டாக்டர் ஊசி போட்டு, மணிக்கு ஒரு டம்ளராவது உள்ளே போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் டம்ளரை நீட்டினேன். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு தலையை அசைத்தார்.

மத்தியானம் கழிந்தும் ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. நான் கீழே இறங்கினேன். ஷௌகத் அலி சாயங்கால அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி சுலைஹா கதவுக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். நாலு பிள்ளை பெற்றவர். என்னோடு அதுவரை பத்து வார்த்தை பேசியிருப்பாரோ என்னவோ.

"அக்கா," என்றேன். "முசல்லாவுல சொட்டினது அப்பாவால இல்ல. நாய். மூணு தடவையும் நாய்தான்."

"தெரியும்" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்தே மேலும் சொன்னார்:

"நாலு பிள்ளைக்கு மூத்திரத்துணி அலசினவளுக்கு மணம் தெரியாதா? மூணு தடவையும் ஏழேழு தடவை கழுவினேன், மண்ணு கரைச்சு. அவங்கள்ட்டச் சொல்லல. தம்பி பொய் சொல்லமாட்டாருன்னு அவங்க சொல்லிக்கிட்டிருந்தாங்க. அதை நான் ஏன் கெடுக்கணும்?"

"நீங்களாவது அப்பாகிட்ட..."

"நான் என்னன்னு சொல்ல? உங்க மகன் உங்க தலையில போட்டுட்டான்னா? அது என் வாயில வரவேண்டிய பேச்சா?" அவர் குரல் நடுங்கியது, கோபத்தில். "ஒவ்வொரு நாளும் நீங்க சொல்லிருப்பீங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் விடியமுன்னே அந்த மனுசன் கிணத்தடியில குனிஞ்சு நிப்பாரு. என்ட்டச் சொல்லி என்ன பிரயோஜனம் தம்பி? மேல போங்க." கதவைச் சாத்திக்கொண்டார்.

மாடியில் அப்பா மெழுகுத்துணிமேல் மல்லாந்து படுத்திருந்தார். காலடியில் ரூபி சுருண்டுகிடந்தது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அப்பா, அது நீங்க இல்ல. ரூபி. பேப்பர்லதான் போகணும்னு பழக்கியிருந்தேன். உங்க பேப்பர்லயும் போயிட்டு. நான் பாத்தேன். மூணு தடவையும் பாத்தேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு பயந்து உங்களைச் சொல்லிட்டேன்."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்தால் தேவலை என்றிருந்தது. அப்பா உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தார்.

"நான் இல்லையா?"

"இல்லப்பா."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் டம்ளரை எடுத்து நீட்டினேன். துண்டை விலக்கி, எழுந்து உட்கார்ந்து, டம்ளரை வாங்கி மடக்மடக்கென்று குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறவர்போலக் கேட்டார்:

"அப்ப, பிள்ளைய நான் தூக்கலாம்லாலே?"

என்னிடம் அனுமதி கேட்டார். நான் தலையாட்டினேன்.

காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கீழவீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்றார்.

"அந்த அக்காவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது."

"தொழுகிற மனுசன்லே அவரு. ஒன் பேச்ச நம்பி நின்னிருக்காரு. போய்ச் சொல்லிரு."

கீழே வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ஷௌகத் அலி பள்ளிவாசலிலிருந்து வந்துவிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தார். கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியை எடுத்து உதறி, மடிப்புச் சரிபார்த்துக் கட்டிக்கொண்டார். கால் இன்னும் தள்ளாடியது. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒத்தையில போகக் கூச்சமா இருக்கும்லே. நட, நானும் கூட வாரேன்" என்றார்.

இரண்டு பேரும் படியிறங்கினோம்.